மட் வரி: ஹூஸ்டன் புறநகரில் வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பகுதியின் மட் (MUD, Municipal Utility District) வாரியத்தில் நான்கு வருடம் இயக்குநராக இருந்தவன் என்பதால், ஹூஸ்டன் பக்கம் வீடு பார்க்கும் நம் குடும்பங்கள் கையெழுத்துப் போடும் முன் காகிதங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடம், கடன் வட்டியெல்லாம் அவர்களே அலசியிருப்பார்கள். சறுக்குவது மட் விஷயத்தில்தான். நானும் அதே இடத்தில் சறுக்கியவன்.

மட் என்பது பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே தண்ணீர், கழிவுநீர், வடிகால் வசதிக்காக அமைக்கப்படும் தனி மாவட்டம், அதாவது வரி போடும் ஒரு சின்ன உள்ளாட்சி அமைப்பு. டெக்சாஸில் 1971 முதல் இருக்கிறது. டெவலப்பர் முதலில் தன் பணத்தில் குழாய் போடுவார். வீடுகள் எழும்பியதும் மாவட்டம் கடன் பத்திரம் விற்று அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கடனை அடைப்பது நம் சொத்து வரி.

முகவரியைப் பார்த்து ஊரை முடிவு செய்வது

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி (Katy) என்று முகவரி இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை கேட்டி நகர எல்லைக்குள் இல்லை. தபால் நிலையம் வேறு, நகரம் வேறு. எல்லைக்கு வெளியே என்றால் மட் வரி இருக்க வாய்ப்பு உண்டு.

"சீக்கிரம் சிட்டி எடுத்துக்கும், மட் வரி போயிடும்"

2014இல் என்னிடம் இதைச் சொன்னவர் ஒரு ரியல்டர் (வீட்டுத் தரகர்). நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டிய மட் அறிவிப்புப் படிவத்திலேயே, மக்களின் ஒப்புதல் இல்லாமல் நகரம் இந்த மாவட்டத்தை இணைத்துக்கொள்ளலாம், இணைத்தால் மாவட்டம் கலைந்துவிடும் என்று அப்போது அச்சிட்டிருந்தது. சட்டமும் அப்படித்தான் இருந்தது. ஹூஸ்டன் 1977இல் கிளியர் லேக் சிட்டியையும், 1996இல் கிங்வுட்டையும் அங்கிருந்தவர்கள் எதிர்க்க எதிர்க்கவே இணைத்துக்கொண்டது.

ஆனால் "இணைத்துக்கொள்ளலாம்" என்பதை "இணைத்துக்கொள்ளும்" என்று படித்தேன். முழுதாக இணைத்தால் மட் வாங்கிய கடனையும் நகரம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஹூஸ்டன் அதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. மட்களோடு ஒப்பந்தம் போட்டு, கடைகள் இருக்கும் துண்டு நிலத்தை மட்டும் வரையறுக்கப்பட்ட முறையில் இணைத்து, அங்கே விற்பனை வரி வசூலித்து, அதில் பாதியை மட்டுக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு, பல ஒப்பந்தங்களில் 30 வருடம் முழுதாக இணைக்க மாட்டேன் என்ற வாக்குறுதி இருக்கும். கடை ரசீதில் ஹூஸ்டன் வரியைப் பார்த்து "சிட்டி வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த ரசீதுக்கு அர்த்தம் நேர் எதிர்.

அப்புறம் 2019இல் சட்டமே மாறியது. இப்போது பெரும்பாலான இடங்களில், 200 பேரோ அதற்கு மேலோ வசிக்கும் பகுதியை இணைக்க வேண்டுமென்றால் அங்கே தேர்தல் நடத்தி ஒப்புதல் வாங்க வேண்டும். இவ்வளவு நடந்த பிறகும் போன மாதம் ஓர் இளம் தம்பதி என்னிடம் அதே வாக்கியத்தை, அதே நம்பிக்கையோடு சொன்னார்கள். இன்னமும் இதைச் சொல்லி வீடு விற்கிறார்களே என்று கோபம்தான் வந்தது. 4,00,000 டாலர் வீட்டுக்கு, மதிப்பில் 100 டாலருக்கு 1.20 டாலர் மட் வரி என்றால் வருடம் 4,800 டாலர். பத்து வருடத்தில் 48,000. நான் வாங்கிய நாளிலிருந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இணைப்பே நடக்காது என்று சொல்லவில்லை. சுகர்லேண்ட் நகரம் 2017 டிசம்பரில் நியூ டெரிட்டரி, கிரேட்வுட் என்ற குடியிருப்புப் பகுதிகளை இணைத்துக்கொண்டது. ஆனால் அதற்கான ஒப்பந்தம் முன்பே எழுத்தில் இருந்தது. உங்களிடம் சொல்பவரிடமும் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

மட் வரி பொதுவாக இறங்குவது, வீடுகள் கூடிக் கடன் பலர் மேல் பரவும்போது. அதனால் படிவத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: எவ்வளவு கடனுக்கு அனுமதி இருக்கிறது, அதில் எவ்வளவு வாங்கியாகிவிட்டது. இடைவெளி பெரிதென்றால் இன்னும் கடன் வரும். வரி சீக்கிரம் இறங்காது.

முதல் வருட வரியை வைத்துக் கணக்குப் போடுவது

புது வீட்டுக்கு அது பெரும்பாலும் காலி மனைக்கான வரி. அடுத்த வருடம் எஸ்க்ரோ (கடன் தவணையோடு வரிக்காகப் பிடிக்கும் பணம்) எகிறும்.

தண்ணீர் பில்லை மட்டின் கணக்கு என்று மட்டும் நினைப்பது

நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி இந்தப் பகுதியில் தரையே இறங்கியது. அதைத் தடுக்க ஹாரிஸ்-கால்வெஸ்டன் பகுதிக்கு 1975இலும், ஃபோர்ட் பெண்டுக்கு 1989இலும் தனி மாவட்டங்கள் அமைத்தார்கள். ஹாரிஸ் கவுண்டியின் வடக்கிலும் மேற்கிலும் 2010இல் 30 சதவீதம், 2025இல் 60, 2035இல் 80 என்று மேற்பரப்பு நீருக்கு மாறச் சொல்கிறது அந்த மாவட்டத்தின் திட்டம். ஒரு சின்ன மட் தனியாக ஏரித் தண்ணீரைக் கொண்டுவர முடியுமா? அதனால் பிராந்திய நீர் ஆணையங்கள் பெரிய குழாய் போடுகின்றன. அந்தச் செலவு ஆயிரம் காலனுக்கு இவ்வளவு என்று மட் வழியாக நம் பில்லில் வந்து சேர்கிறது. இரண்டு மட்களை ஒப்பிடும்போது, எது எந்த ஆணையத்தின் கீழ் வருகிறது என்றும் பாருங்கள்.

வாரியக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது

ஐந்து இயக்குநர்கள்தான். கூட்டம் எல்லோருக்கும் பொது. நான் இருந்த நான்கு வருடத்தில், வரி விகிதம் முடிவாகும் நாளில் கூட மூன்று பேருக்கு மேல் வந்ததில்லை.