டிப்பரை நிறுத்தினால் முதலில் டயர், அப்புறம் ஆர்.சி.

ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றி வரும் டிப்பர்களை ஊர்க் காவல் நிலையத்தார் நிறுத்தினால், பெரும்பாலும் ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று), இன்சூரன்ஸ் பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. ஆளைக் கொல்வது டயரும் பிரேக்கும் பாரமும்தான்.

காவலர்களே, வளைவிலோ இறக்கத்திலோ கை காட்டாதீர்கள். எடைமேடைக்குப் பக்கமாக, அகலமான சாலையோரத்தைத் தேர்ந்தெடுங்கள். வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள்.

பின் சக்கரத்தில் வெளி டயர் நன்றாக இருக்கும். உள்ளே இருப்பதுதான் மொட்டை டயர். டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு டயரின் மேல்பரப்போடு சமமாகிவிட்டால், அந்த டயர் ஓடத் தகுதியற்றது. இரண்டு டயருக்கும் நடுவே ஜல்லிக்கல் சிக்கியிருந்தால் அங்கேயே எடுக்க வையுங்கள். வேகத்தில் அது தெறித்துப் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் அடிக்கும்.

பிரேக்குக்கு: ஏர் முழுதாக ஏறியதும் இன்ஜினை அணைத்து, பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏர் மீட்டர் முள் இறங்கிக்கொண்டே போனாலோ, அடியில் 'உஸ்' என்று கேட்டாலோ ஏர் கசிகிறது. அந்த வண்டி பாரத்தோடு நகரக் கூடாது.

பாரத்தைக் கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். ஒரு யூனிட் 100 கன அடி. ஜல்லி என்றால் ஏறக்குறைய 4.2 டன். பத்துச் சக்கர டிப்பருக்கு மொத்த எடை வரம்பு 28.5 டன், பழைய ஆர்.சி.யில் 25 என்றே இருக்கலாம், ஆர்.சி.யில் உள்ளதே கணக்கு. வெறும் வண்டி பத்தரை டன் என்றால் நான்கு யூனிட்டே கொள்ளும். ஆறு யூனிட் ஏற்றியிருந்தால் 7 டன் கூடுதல்: அபராதம் 20,000 ரூபாய், டன்னுக்கு 2,000 வீதம் இன்னும் 14,000. நனைந்த எம்சாண்ட் இதைவிடக் கனக்கும்.

எடைக்கு அனுப்பும் அதிகாரம் மோட்டார் வாகன அலுவலருக்கும் அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும் உண்டு; எனவே சோதனைக்கு முன்பே எம்.வி.ஐ.யிடம் (மோட்டார் வாகன ஆய்வாளரிடம்) பேசி வையுங்கள். போகும் வழியிலிருந்து 10 கி.மீ.க்குள் அல்லது சேருமிடத்திலிருந்து 20 கி.மீ.க்குள் உள்ள எடைமேடைக்குத்தான் அனுப்பலாம். எடை போட மறுத்தால் அபராதம் 40,000.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அபராத ரசீதைக் கையில் கொடுத்து, அதே பாரத்தோடு வண்டியை விட்டுவிடுகிறார்கள். கூடுதல் பாரத்தை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவே சொல்கிறது. இறக்குகூலி வண்டிக்காரர் பொறுப்பு. சாலையோரத்தில் கொட்ட விடாதீர்கள். இரவில் அந்தக் குவியலே விபத்துக்கு வழி. இன்னொரு லாரி வரவழைத்து மாற்றச் சொல்லுங்கள்.

எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எட்டு வருடம் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். கடைசியாகப் பின்பக்கச் சிவப்பு ஒளிரும் பட்டையைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். குவாரித் தூசி மூடியிருந்தால் ராத்திரியில் அது இருந்தும் பயனில்லை.