பழைய மேனுவல் லென்ஸ், புது கேமரா: ஃபோகஸ் பிசகாமல் பிடிப்பது எப்படி?

அப்பா காலத்து நிக்கார் 50 மி.மீ. லென்ஸோ, ஆன்லைனில் வாங்கிய சோவியத் கால ஹீலியோஸ் 44-2வோ கையில் இருக்கிறது. மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் மாட்டி எடுத்தால் படமெல்லாம் மங்கல். லென்ஸைத் திட்டாதீர்கள், அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்; மேனுவல் லென்ஸில் ஃபோகஸை நாம்தான் வளையத்தைத் திருப்பிக் கையால் பிடிக்க வேண்டும்.

1. மாட்டுவது

லென்ஸையும் கேமராவையும் இணைக்க, உள்ளே கண்ணாடி வில்லை இல்லாத வெறும் உலோக அடாப்டர் போதும். மிரர்லெஸ்ஸில் மவுண்டுக்கும் (லென்ஸ் பொருந்தும் வாய்) சென்சாருக்கும் இடைவெளி மிகக் குறைவு (சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ.). அதனால் எந்தப் பழைய எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) லென்ஸுக்கும் அடாப்டர் வைக்க இடம் கிடைக்கும். நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் (டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.) ஹீலியோஸ் போன்ற எம்42 திருகு மவுண்ட் லென்ஸ் மாட்ட நினைத்தால் மட்டும் யோசியுங்கள்: லென்ஸ் கேட்கும் இடைவெளி 45.46 மி.மீ., பாடியில் இருப்பதோ 46.5. இந்த ஒரு மில்லிமீட்டரால் தூரத்துக் காட்சி ஃபோகஸே ஆகாது.

பழைய லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது, ஷட்டர் அடிக்க மறுக்கலாம். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பு மெனுவில் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் லென்ஸின் ஃபோகல் லெங்த்தையும் (50 மி.மீ. போன்ற எண்) நீங்களே போட வேண்டும்.

2. முதலில் உங்கள் கண்

வியூஃபைண்டர் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகளும் எண்களும் பளிச்சென்று ஆகும்வரை அதைத் திருப்புங்கள். கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே செய்யலாம்.

3. மெரினாவில் ஒரு சோதனை

காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். கடலில் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைக் கேமராவின் பெரிதாக்கிக் காட்டும் வசதியில் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். பல அடாப்டர்கள் கொஞ்சம் மெலிதாகவே செய்யப்படுவதால், லென்ஸ் வளையத்திலுள்ள முடிவிலிக் குறிக்கு (∞) சற்று முன்பே கப்பல் கூர்மையாகிவிடும். வளையத்தைக் கடைசிவரை தள்ளினால் மங்கும். அந்த இடத்தை நினைவில் வையுங்கள். மதியம் போனால் அனல்காற்றில் கப்பலே நெளியும், ஃபோகஸ் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

4. பீக்கிங்கை முழுசாக நம்பாதீர்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பீக்கிங் என்பது, ஃபோகஸ் ஆன இடத்தைக் காட்ட, மாறுபாடு அதிகமுள்ள விளிம்புகளில் கேமரா திரையில் வண்ணம் பூசிக் காட்டுவது. மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டும் அம்மாவைப் படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மூக்குத்தி, சேலை ஜரிகை, தொடுத்த மல்லிகைச் சரம் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பாக மின்னும். கண் மட்டும் ஃபோகஸில் இருக்காது. ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 50 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை) எஃப் 2, ஒரு மீட்டர் தூரம் என்றால் தெளிவு கிடைப்பது சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குத்தான். பீக்கிங்கோ அதைவிட அகலமாகச் சாயம் பூசிவிடும்.

ஆகவே பீக்கிங்கை வைத்துக் கிட்டே வாருங்கள், முடிவைப் பெரிதாக்கிப் பார்த்து எடுங்கள். அந்த வசதியை கட்டைவிரலுக்கு எட்டும் பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பெரிதாக்கிய பகுதியை அவர் கண்ணிமை மேல் வைத்து, வளையத்தைக் கூர்மையைத் தாண்டிக் கொஞ்சம் திருப்பி, மறுபடி திரும்பி வாருங்கள். தாண்டிப் பார்த்தால்தான் உச்சம் எது என்று தெரியும். அப்புறம் எஃப் 4க்கு மூடி எடுக்கலாம். சில வேகமான லென்ஸ்களில் மூடும்போது ஃபோகஸ் லேசாக நகரும்; உங்களுடையது அப்படியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் அசைந்தால் வளையத்தைத் தொடாமல், உங்கள் உடம்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்து, கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள். நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்று நிச்சயம் சிக்கும்.

5. கூட்டத்தில்

அறுபத்து மூவர் விழா நெரிசலில் பெரிதாக்கிப் பார்க்க நேரம் ஏது? எஃப் 8, வளையம் 4 மீட்டரில். ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. என்றால் சுமார் 3 முதல் 6 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். அந்த எல்லைக்குள் வருபவரை எடுத்துக்கொண்டே போகலாம்.

சென்னைக்கென்று இன்னொன்று: ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் மேல் பனி படியும், எல்லாமே ஃபோகஸ் போன மாதிரி தெரியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள்.