மீன்கொத்தியைக் காக்கப் போய் விடும் பிழைகள்

பெயரில் மீன் இருக்கிறது, ஆகவே குளத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் துவாமோட்டு மீன்கொத்தி இன்று பசிபிக் கடலிலுள்ள பிரெஞ்சு பொலினீசியாவின் நியாவு தீவில் மட்டுமே உண்டு. ஒரு கணக்கெடுப்பில் ஏறத்தாழ 125 பறவைகள்தான் என்று மதிப்பிட்டார்கள். அதன் சாப்பாடு பல்லியும் பூச்சியும். எங்கள் தோட்டங்களில் லைட் கம்பியில் குந்தியிருந்து வெட்டுக்கிளி பிடிக்கும் வெண்மார்பு மீன்கொத்தியும் குளத்தை நம்பி இருப்பதில்லை.

நியாவுப் பறவை பட்ட தென்னையில் பொந்து குடைகிறது. பறந்து வந்து அலகால் மோதி மோதியே குடையும், அதனால் உக்கிய மரம்தான் வேண்டும். காணியைத் துப்புரவாக்குகிறோம் என்று பட்ட மரத்தைத் தறித்தால் கூடு போய்விடும். ஒன்றும் செய்யாமல் பற்றையை வளரவிட்டாலும் ஆபத்துத்தான்: நிலம் மூடினால் மேலேயிருந்து பல்லியைப் பார்க்க முடியாது. கீழே வெட்டவேண்டும், பட்ட மரத்தை விடவேண்டும்.

எலியும் பூனையும் ஏறாமல் கூட்டு மரத்துக்குத் தகரம் சுற்றும் முறை அங்கேயும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தென்னைக்குத் தகரம் அடித்தவர்களுக்கு அது எங்கே பிழைக்கும் என்று தெரியும். எலிக்கு 40 சென்ரிமீற்றர் அகலம் காணும். பூனைக்கு 60 வேண்டும். நிலத்திலிருந்து 2 மீற்றருக்குக் கீழே அடித்தால் பூனை பாய்ந்து மேலே பிடித்துவிடும். பக்கத்து மரத்து ஓலை ஒன்று முட்டினாலே போதும், எலிக்குப் பாலம் போட்ட மாதிரி. உக்கிய மரத்தில் ஆணி நிற்காது, கம்பியால் இறுக்குங்கள். மேலே எலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கூட்டோடு சேர்த்து அதையும் பூட்டிவைத்ததாகிவிடும்.

வேறு தீவுக்குக் கொண்டுபோய் விடலாமே என்பார்கள். எதிரி இருக்கும் இடத்தில் விட்டால் இரை போட்டதுதான். குவாம் தீவின் சிகெக் மீன்கொத்தியைக் காட்டில் இல்லாமல் அழித்தது வெளியிலிருந்து வந்த பழுப்பு மரப்பாம்பு. 2024இல் கூண்டில் வளர்த்த 9 பறவைகளைப் பால்மைரா தீவில் விட்டார்கள். அங்கே பாம்பு கிடையாது, எலியையும் 2011இலேயே ஒழித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு இங்கே மீன்கொத்திக்கென்று மரத்துக்குத் தகரம் அடிப்பது வீண்வேலை. வெண்மார்பு மீன்கொத்தி செங்குத்தான மண்சுவரில் வளை தோண்டுவது: துரவு, கேணிக்கரை, மண் அள்ளிய கிடங்கு. குளம் திருத்தும்போது கரை முழுவதையும் சரித்துக் கல் பதித்தால் அது வேறிடம் தேடவேண்டியதுதான். சில மீற்றர் கரையை நிமிர்ந்தபடியே விடுங்கள். வளையில் குருவி இருக்கிறதா என்று அறியக் கையையோ தடியையோ விடவேண்டாம். வாசலின் அடியில் கால் உரசிய இரண்டு தடங்கள் புதிதாகத் தெரிந்தாலோ, எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தாலோ உள்ளே குடியிருப்பு உண்டு. குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கத்து மண்ணில் மண்வெட்டி படக்கூடாது.