ஹாலிஃபாக்ஸுக்கு புதுசா? ஐடியை எடுத்துக்கிட்டு பார்க்குக்கு கிளம்புங்க

கனடாவோட நோவா ஸ்கோஷியா மாகாணத்துல இருக்கிற இந்த ஹாலிஃபாக்ஸ்ல நான் வந்து இறங்கினது ஒரு ஜனவரி. வீடு, பேங்க், பஸ் பாஸ்னு அலைஞ்சது போக மீதி நேரம் பூரா ஹீட்டர் பக்கத்துல உக்காந்துகிட்டு, சம்மர் வரட்டும் வெளிய போலாம்னு இருந்தேன். அது சுத்த மடத்தனம், ஏன்னா காசே இல்லாம இந்த ஊர்ல கிடைக்கிறதுலயே சூப்பர் விஷயம் குளிர்காலத்துல மட்டும்தான் நடக்கும்.

அது ஓவல்ங்கிற ஐஸ் ஸ்கேட்டிங் தளம். ஊர் நடுவுல ஹாலிஃபாக்ஸ் காமன்னு ஒரு பெரிய மைதானம் இருக்கு, 1763லயே ஊர் ஜனங்களுக்குன்னு ஒதுக்கின நிலம். 2011ல கனடா விண்டர் கேம்ஸ் நடந்தப்போ அதுல தற்காலிகமா ஒரு ஐஸ் தளம் போட்டாங்க, ஜனங்க விடவே மாட்டேன்னுட்டாங்க போல, அப்படியே நிரந்தரமாக்கிட்டாங்க. மூணு ஐஸ் ஹாக்கி மைதானம் சைஸ் இருக்கும். பொதுமக்களுக்கு ஸ்கேட்டிங் ஃப்ரீ, ஸ்கேட்டும் ஹெல்மெட்டும் கூட ஃப்ரீயா இரவல் தருவாங்க, ஆனா போட்டோ போட்ட அரசாங்க ஐடி கேப்பாங்க. நான் மொத தடவை வெறுங்கையோட போயி, திரும்ப வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு மறுபடி போனேன், அந்த குளிர்ல.

ஸ்கேட் போடும்போது ரெண்டு மூணு சாக்ஸ் போடாதீங்க, கால் உள்ள ஆடும். ஒரு சாக்ஸ், லேஸை கணுக்கால் கிட்ட நல்லா இறுக்கி கட்டுங்க. முழங்காலை மடக்கி கொஞ்சம் முன்னாடி சாஞ்சு நில்லுங்க, நேரா விறைப்பா நின்னா பின்னாடிதான் விழுவீங்க, அது பயங்கரமா வலிக்கும். விழுந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க, நாலு வயசு பொடுசு ஒண்ணு சர்ருனு உங்களை தாண்டி போகும், அதுதான் ஒரே அவமானம். அங்க இருக்கும்போது மத்தியானம் 12 மணிக்கு டமார்னு சத்தம் கேட்டா பயந்துடாதீங்க, பக்கத்து சிட்டாடல் மலைக் கோட்டையில பீரங்கி சுடுறாங்க, கிறிஸ்மஸ் அன்னிக்கு தவிர தினமும் உண்டு. சம்மர்ல அதே ஓவல்ல ஐஸுக்கு பதிலா சக்கரம் வச்ச ஸ்கேட்டும் சைக்கிளும் ஓடும். சைக்கிள்னதும் ஞாபகம் வருது, நோவா ஸ்கோஷியால எந்த வயசா இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம்.

குளிர் போனதும் எல்லாரும் போறது பாயின்ட் ப்ளெசன்ட் பார்க். கடலை ஒட்டி காடு மாதிரி இருக்கும், உள்ள 1790கள்ல கட்டின ஒரு வட்டக் கோட்டை கூட இருக்கு. 1866ல பிரிட்டிஷ்காரங்க கிட்ட இருந்து வருஷத்துக்கு ஒரு ஷில்லிங்னு 999 வருஷ குத்தகைக்கு எடுத்திருக்காங்க, நம்ம வாடகையை நினைச்சா கண்ணுல தண்ணி வருது. 2003ல ஹுவான் புயல் இங்க இருந்த பெரும்பாலான மரத்தை சாய்ச்சுடுச்சு, இப்ப நீங்க பாக்கிறதுல நிறைய அதுக்கப்புறம் வளர்ந்த சின்ன மரம்தான்.

இப்ப முக்கியமான விஷயம், உண்ணி. நம்ம ஊர் மாட்டு உண்ணியோட சொந்தக்காரன்தான், ஆனா இது லைம்ங்கிற பாக்டீரியா நோயைப் பரப்பும், நோவா ஸ்கோஷியால அது ரொம்ப ஜாஸ்தி. பனி உருகி 4 டிகிரி தாண்டினாலே சுறுசுறுப்பாயிடும், அதனால ஏப்ரல்லயே ஜாக்கிரதையா இருங்க. முழு பேண்ட் போட்டு நுனியை சாக்ஸ்க்குள்ள சொருகிக்கோங்க, பார்க்க காமெடியா இருக்கும் பரவாயில்ல. வீட்டுக்கு வந்ததும் அக்குள், முழங்கால் பின்னாடி, குழந்தைங்களுக்கு தலைமுடிக்குள்ள, காது பின்னாடின்னு தேடிப் பாருங்க. ஒட்டியிருந்தா எண்ணெய் ஊத்துறது, நெருப்பு காட்டுறது எல்லாம் வேண்டவே வேண்டாம். ட்வீசரால தோலை ஒட்டி பிடிச்சு நேரா மெதுவா இழுங்க. ரொம்ப நேரமா ஒட்டியிருந்த மாதிரி தெரிஞ்சா அன்னிக்கே ஃபார்மசிக்கு போங்க, எடுத்து 72 மணி நேரத்துக்குள்ள போனா தடுப்பு மருந்து தேவையான்னு ஃபார்மசிஸ்ட்டே பார்த்து எழுதித் தருவாங்க, ஃபேமிலி டாக்டர் கிடைக்கலையேன்னு காத்திருக்க வேணாம்.

வயசான அப்பா அம்மா விசிட்டுக்கு வந்தா பப்ளிக் கார்டன்ஸ் கூட்டிட்டு போங்க, பூவும் பெஞ்சும் வாத்துமா நிம்மதியா இருக்கும், நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதி கிடையாது. குளிர்காலத்துல போறதா இருந்தா திறந்திருக்கான்னு பார்த்துட்டு போங்க.

நீச்சல் பத்தி ஒண்ணு. சாக்லேட் லேக் மாதிரி ஏரிக்கரை பீச் எல்லாம் ஃப்ரீதான், ஆனா லைஃப்கார்ட் இருக்கிறது ஜூலை ஆகஸ்ட்ல மட்டும். ஏரி திடீர்னு ஆழமாகும், கரையில பாக்கிறதை வச்சு கணக்கு போடாதீங்க. விஷமாகக்கூடிய நீலப்பச்சைப் பாசி தண்ணில வந்துச்சுன்னா பீச்சை மூடுவாங்க, போர்டு வச்சிருந்தா கால் கூட நனைக்காதீங்க. நீச்சல் தெரியாதவங்க ரெக் சென்டர்னு சொல்ற ஊர் பொழுதுபோக்கு மையத்துல கிளாஸ்ல சேருங்க, பெரியவங்களுக்கும் உண்டு. ரெஜிஸ்ட்ரேஷன் ஓப்பன் ஆன கொஞ்ச நேரத்துலயே இடம் போயிடும், தட்கல் டிக்கெட் எடுத்த அனுபவம் இருக்கவங்களுக்கு சொல்லித் தரணுமா என்ன, முதல் நாளே அக்கவுண்ட் போட்டு ரெடியா இருங்க. வருமானம் கம்மின்னா ஃபீஸ்ல சலுகையும் இருக்கு, வெக்கப்படாம கேளுங்க, ஆனா அதுக்கு பேப்பர் வேலை இருக்கு, கிளாஸ் தொடங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க.