ஹைபிரிட் காரில் கரண்ட் விட்டு விட்டுப் போகிறதா? எங்கே தொடங்கிப் பார்ப்பது

காலையில் பவர் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டு விளக்கெல்லாம் ஒரு தரம் மின்னிவிட்டு அணையும், எங்கோ ரிலே (தானாக இயங்கும் மின் சுவிட்ச்) மட்டும் டிக் டிக் என்று அடிக்கும். மறுபடி அழுத்தினால் எதுவுமே நடக்காதது போல, கார் ஓடத் தயார் என்று சொல்லும் ரெடி விளக்கு வந்துவிடும். இப்படி ஒரு காரைக் கராஜுக்குக் கொண்டுபோனால் "ஹைபிரிட் பேட்டரி போய்விட்டது" என்று சொல்லி லட்சக்கணக்கில் ஒரு தொகையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு நீங்களே கொஞ்சம் பாருங்கள். இலங்கையில் நிறைய ஓடும் டொயோட்டாவின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ரியஸ், அக்வா ஆகியவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கார்களில் இரண்டு பேட்டரி உண்டு. பெரியது ப்ரியஸில் 201.6 வோல்ட், அக்வாவில் 144 வோல்ட். இன்னொன்று சின்ன 12 வோல்ட் பேட்டரி. ப்ரியஸில் டிக்கியின் வலது மூலையிலும் அக்வாவில் பின் சீட்டுக்கு அடியிலும் இருக்கும். பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலேயும், எல்லாக் கம்ப்யூட்டர்களும் விழித்தெழுவது இந்தச் சின்னதை நம்பித்தான். சாதாரணக் காரில் பேட்டரி இளைத்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்கும் தெரிந்துவிடும். ஹைபிரிடில் தனி ஸ்டார்ட்டரே கிடையாது என்பதால் அந்த எச்சரிக்கை வராது, ஒரு நாள் விளக்குகள்தான் பைத்தியம் பிடித்தது போல மின்னும்.

தொடங்குமுன் ஒரே ஒரு கட்டளை: ஆரஞ்சு நிற வயர், ஆரஞ்சு பிளக், அவை போய்ச் சேரும் பெட்டிகள் எதையும் தொடாதீர்கள். மூன்றாம் தலைமுறை ப்ரியஸில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டருக்குள் மின்னழுத்தம் 650 வோல்ட் வரை ஏறும், காரை அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதல் வேலை, கோளாறு எப்போது வருகிறது என்று எழுதி வைப்பது. கார் நின்றிருந்து எழுப்பும்போதா, ஓடிக்கொண்டிருக்கும்போதா? வெயிலிலா, மழைக்குப் பிறகா, மேடு ஏறும்போதா? எழுப்பும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் 12 வோல்ட் பக்கம். ஓடும்போது இழுவை குறைந்து, சிவப்பு முக்கோணம் எரிந்து, ஆறியதும் சரியாகிவிட்டால் வேறு பக்கம் தேட வேண்டும்.

அடுத்தது ஸ்கேனர். காரின் சோதனை பிளக்கில் மாட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றும், ஹைபிரிட் தரவைக் காட்டும் ஒரு ஆப்பும் போதும். திரையில் வரும் கோளாறுக் குறியீடுகளை (கோடு என்பார்கள்) போட்டோ எடுங்கள், அழிக்காதீர்கள். பலர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு "கிளியர்" அழுத்திவிடுகிறார்கள். கோளாறு வந்த நொடியில் வேகம், வெப்பம், வோல்டேஜ் எல்லாம் என்ன இருந்தது என்ற பதிவும் அதோடு போய்விடும், பிறகு எந்த மெக்கானிக்குக்கும் பிடி கிடைக்காது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதையும் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மீட்டர். கார் ராத்திரி முழுக்க நின்ற பிறகு 12 வோல்ட் பேட்டரியில் வையுங்கள். 12.6 அல்லது மேலே இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதி காலி, 12-க்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம். ஆனால் வோல்ட் நன்றாக இருந்தாலே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தி, ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டுவிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் எண் 11-ஐ நோக்கிச் சரிந்தால் பேட்டரிக்கு உள்ளே சத்து இல்லை.

அதே நிலையில் இன்னொரு சோதனை, என்னைக் கேட்டால் விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதுதான் மிக முக்கியம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலேயே குத்துங்கள், கிளாம்பில் வேண்டாம். மறுமுனை பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டு எர்த் வயரை மெதுவாக ஆட்டுங்கள். எண் குதித்தால் கோளாறு கையில் அகப்பட்டுவிட்டது. கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும், அல்லது போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிளஸ் பக்கமும் இதே மாதிரி கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும்.

அப்புறம் பிரேக்கை மிதித்து ரெடி கொண்டுவாருங்கள். மீட்டர் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இந்தக் கார்களில் ஆல்டர்னேட்டர் இல்லை, பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர்தான் சின்னதைச் சார்ஜ் செய்கிறது. ரெடியில் இருந்தும் 12 சொச்சமே காட்டினால் அந்தக் கன்வெர்ட்டரையோ அதன் பெரிய பியூஸையோ பார்க்கச் சொல்லுங்கள். யாராவது முன்பு ஜம்ப் கேபிளைத் தலைகீழாக மாட்டியிருந்தால் அந்த பியூஸ் போயிருக்கும்.

சின்னப் பேட்டரியை மாற்றுவதானால் ஏஜிஎம் வகையே (ஆசிட் கண்ணாடி நார் விரிப்பில் உறிஞ்சப்பட்டிருக்கும் வகை) போடுங்கள். அது இருப்பது கேபினுக்குள், அதனால் வாயு வெளியேறும் குழாயையும் மறக்காமல் மாட்ட வேண்டும்.

இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் இன்னொரு தனி விஷயம் உண்டு: வேகம் காட்டும் டாஷ்போர்டு திரை மட்டும் இருட்டாகி, கார் ஓடவும் செய்து, ஆனால் பட்டனை அழுத்தினால் அணையாமல் அடம்பிடித்தால் அது டாஷ்போர்டு மீட்டருக்குள் இருக்கும் பலகையின் கோளாறு. பேட்டரி மாற்றிப் பயனில்லை.

ஓடும்போது சக்தி குறைகிறதா? ரெடியில் வைத்து பானெட்டைத் திறந்து இன்வெர்ட்டரின் கூலன்ட் டப்பாவுக்குள் எட்டிப் பாருங்கள், திரவம் சுழல வேண்டும். அசையாமல் நின்றால் பம்ப் போய்விட்டது. இன்வெர்ட்டர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கிறது. பி0ஏ93 கோடு சொல்வதும் இந்தக் குளிர்விப்பைத்தான். பின் சீட்டுப் பக்கம் இருக்கும், பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேனின் காற்று வழியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் என்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் வேலை முடிந்ததா என்று கேளுங்கள்: இன்வெர்ட்டர் மென்பொருளுக்காக 2014-இல் சுமார் 19 லட்சம் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்தது, ஓடும்போதே சக்தி போய் நின்றுவிடக்கூடும் என்று 2018-இலும் சுமார் 24 லட்சம் கார்களை அழைத்தது.

ஸ்கேனரில் பி0ஏ80 கோடு வந்தால் பெரிய பேட்டரியில் பிரச்சினை இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் முழுப் பேட்டரியையும் மாற்றச் சம்மதிக்குமுன், அதற்குள் வரிசையாக இருக்கும் சிறு பேட்டரிகளான மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளிலும் வோல்டேஜ் பார்க்கும் மெல்லிய வயர்களிலும் களிம்பு ஏறியிருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். கையுறையும் பயிற்சியும் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.