ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திருத்த ரூட் செய்தே ஆக வேண்டுமா?

ஆண்ட்ராய்டு போனில் விளம்பரத்தைத் தடுக்க ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திருத்தினால் போதும் என்பார்கள். எந்த இணையப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பட்டியல் அது. தேடிப் பிடித்துத் திறந்தால் '127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்' என்று ஓரிரு வரிதான் இருக்கும். சரி, கீழே விளம்பரத் தளங்களைத் தடுக்கும் நாலு வரி சேர்ப்போம் என்று எழுதி சேவ் கொடுத்தால், அனுமதி இல்லை என்று வந்து நிற்கும்.

இந்த ஃபைல் இருக்கும் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் என்ற நிலையில்தான் மவுன்ட் ஆகிறது, அதாவது போனோடு இணைகிறது. அதை மாற்றும் உரிமை, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கே உண்டு. அந்த அதிகாரத்தைப் பெறுவதுதான் ரூட் செய்வது. நாம் போடும் செயலிகளுக்குக் கிடையாது. பழைய போன்களில் ரூட் செய்துவிட்டு நேரடியாகவே திருத்தலாம். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வந்த பல போன்களில் ரூட் செய்தாலும் அங்கே எழுத முடியாது. அதனால்தான் ரூட் செய்ய உதவும் மேஜிஸ்க் என்ற கருவி அசல் ஃபைலைத் தொடாமல், திருத்திய பிரதியை அதன்மேல் போர்த்திக் காட்டுகிறது. அதன் செட்டிங்ஸில் 'சிஸ்டம்லெஸ் ஹோஸ்ட்ஸ்' என்று தேடுங்கள்.

ரூட் செய்ய முதலில் பூட்லோடரை, அதாவது போனை ஆன் செய்ததும் சிஸ்டத்தை ஏற்றும் நிரலின் பூட்டை, திறக்க வேண்டும். திறந்ததும் படம், சாட் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் போய்விடும், எனவே முன்பே பேக்கப் எடுத்து வையுங்கள். அப்புறம், சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கும்.

விளம்பரத்துக்காக மட்டும் இவ்வளவு பாடு எதற்கு? ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. டிஎன்எஸ் என்பது இணையப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் சேவை. அந்த இடத்தில் விளம்பரங்களைத் தடுக்கும் ஆட்கார்ட் போன்ற சேவையின் டிஎன்எஸ் பெயரைப் போட்டாலே பெரும்பாலான விளம்பரங்கள் நின்றுவிடும். யூடியூப் விளம்பரம் மட்டும் இதற்கு மசியாது.