டெக்சாஸ் எஸ்.பி. 12: ‘செலவில்லை’ என்ற வரியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

பாலியல் தன்மை கொண்ட நிகழ்ச்சிகளைச் சிறார் முன்னிலையிலும் பொது இடங்களிலும் கட்டுப்படுத்தும் சட்டம் (எஸ்.பி. 12, அதாவது செனட் மசோதா 12) டெக்சாஸில் 2023-ல் நிறைவேறியது. இத்தகைய மசோதாக்களுக்குச் சட்டமன்ற பட்ஜெட் வாரியம் தரும் நிதிக் குறிப்பில் (செலவு மதிப்பீட்டில்) பெரும்பாலும் ‘அரசுக்குக் குறிப்பிடத்தக்க செலவு இல்லை’ என்றே இருக்கும். அதற்குப் பொருள், வரும் வேலையை இருக்கும் ஊழியர்களையும் பட்ஜெட்டையும் வைத்தே சமாளிக்கலாம் என்பதுதான். செலவே வராது என்பதல்ல.

முதலில் எந்த வடிவத்துக்கான குறிப்பு என்று பாருங்கள். தாக்கலானபோது ஒன்று, குழுவைத் தாண்டியபின் ஒன்று, இறுதி வடிவத்துக்கு ஒன்று எனப் பல இருக்கும், எஸ்.பி. 12-ன் வாசகமும் வழியில் மாறியது.

அபராதத்தை அப்படியே வரவில் எழுதுவது அடுத்த தவறு. நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்தவருக்கு ஒரு மீறலுக்கு 10,000 டாலர் வரை சிவில் அபராதம். அது உச்சவரம்பு மட்டுமே. அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்குப் போட்டு வென்றால்தான் காசு.

நிகழ்த்தியவர் மீதானது ‘ஏ’ பிரிவுக் குற்றம்: 4,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இந்தச் சிறை கவுண்டிச் சிறை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு). நாளொன்றுக்கு 90 டாலர் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒருவரை 30 நாள் அடைக்க 2,700 டாலர். அது கவுண்டியின் பணம். மாநிலச் செலவைச் சொல்லும் வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்திவிடுபவர்களுக்கு இது தெரியாமலே போகும். ‘உள்ளாட்சி மீதான தாக்கம்’ என்ற பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.

பெரிய ஓட்டை வழக்குச் செலவு. எஸ்.பி. 12-க்கு எதிரான வழக்கில் அபிலீன் நகரமும் டெய்லர், மாண்ட்கோமரி கவுண்டிகளும்கூடப் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டன. சிவில் உரிமை வழக்கில் வென்றவருக்கு வக்கீல் கட்டணத்தைத் தோற்ற தரப்பிடமிருந்து வாங்கித் தரக் கூட்டாட்சிச் சட்டத்தின் 1988-ஆம் பிரிவு வழி செய்கிறது. 400 மணி நேரம், மணிக்கு 400 டாலர் என்றாலே 1,60,000 டாலர். ஆனால் இதையும் அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. இடைக்காலத் தடை பெற்றதை மட்டும் வைத்துக் கட்டணம் கேட்க முடியாது என 2025 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஸ்.பி. 12-க்கு 2023 செப்டம்பரில் ஹூஸ்டனில் நீதிபதி டேவிட் ஹிட்னர் விதித்தது நிரந்தரத் தடை. மேல்முறையீட்டில் 2025-ல் அது ரத்தாகி, வழக்கு கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பியது. கட்டணக் கோரிக்கையும் சேர்ந்தே ஆட்டம் காணும். ஆகவே இதற்கு ஒரே எண்ணைப் போடாமல், அரசுத் தரப்பு வென்றால் எவ்வளவு, தோற்றால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள்.

நிர்வாண நடனமும் மதுவும் உள்ள கேளிக்கை விடுதிகளில் ஒரு வாடிக்கையாளருக்கு 5 டாலர் என 2007-ல் வந்த கட்டணத்தை இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது தனிச் சட்டம், தனி வரவு.